எதிர் வீட்டுக்குப் போன தேங்காய் மிட்டாய்

அனுப்ரியாவுக்கு எதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு நம்பும் பழக்கம் கிடையாது. அடுப்பை அணைத்துவிட்டு லிஃப்ட் வரை போவாள். திரும்பி வந்து திருகைத் தொட்டுப் பார்ப்பாள். தேக்கா சந்தையில் தேங்காய் துருவித் தருகிறவர் இப்போதுதான் துருவியது என்று சத்தியம் செய்தாலும், ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்த பிறகே பையைத் திறப்பாள். குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழே அறிவிப்புப் பலகையில் புதிதாக ஏதாவது ஒட்டியிருந்தால், தங்களைப் பற்றித்தானோ என்று முதலில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டி கழுவப் போகிற செய்தியாக இருக்கும். அப்போதும் அடியில் சின்ன எழுத்தில் வேறு ஏதும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

பிறவிக் குணம் என்று சொல்லிவிட முடியாது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் வங்கியின் கடன் பிரிவில் இருந்தவள் அவள். எதிரே உட்கார்ந்து சிரிக்கிறவர்களிடம் தமிழில் குசலம் விசாரித்துவிட்டு, அவர்கள் போனதும் ஆங்கிலத்தில் சந்தேகக் குறிப்பு எழுதுவது வேலை. நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். வெங்கட்டுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் அந்த நாற்காலியை விட்டுவிட்டு வந்தாள். குணம் மட்டும் கூடவே விமானம் ஏறி வந்துவிட்டது.

இங்கே வந்த பிறகு அதற்குத் தீனியும் கிடைத்தது. வெங்கட்டின் கையில் இருந்தது வேலை அனுமதி. அவள் கையில் இருந்தது அந்த அனுமதியின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த இன்னொரு அட்டை. மனைவி என்ற முறையில் இருக்கலாம். தனியாகத் தொழில் எதுவும் நடத்தக் கூடாது. அவன் வேலை போனால் அவளும் போக வேண்டியதுதான். போன வருஷக் கடைசியில் நிரந்தரவாசத்துக்கு, பி.ஆர். என்பார்களே அதற்கு, விண்ணப்பித்திருந்தார்கள். பதில் வரவில்லை. தினமும் காலையில் வெங்கட் பல் தேய்த்துக்கொண்டே கைபேசியில் விண்ணப்ப நிலை காட்டும் பக்கத்தைத் திறந்து பார்ப்பான். "இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்காங்களாம்" என்பான் நுரையோடு. யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எங்கிருந்து பார்க்கிறார்கள், எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று அனுப்ரியாவின் மனம் ஓடத் தொடங்கிவிடும்.

இப்படிப்பட்டவள் சாக்லேட்டில் முக்கியெடுத்த தேங்காய் மிட்டாய் செய்து ஊருக்கெல்லாம் கொடுக்கிற ஆளாக மாறியது ஒரு வேடிக்கைதான்.

தெம்பனிஸில் பழைய புளோக் ஒன்றின் ஒன்பதாம் மாடிக்குக் குடிவந்த முதல் தீபாவளிக்கு, அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஆரம்பித்தாள். முறுக்கும் அதிரசமும் லிட்டில் இந்தியாவில் மலைமலையாகக் குவிந்து கிடக்கின்றன. அவற்றை வீட்டில் சுட்டு யாரை மயக்குவது? துருவிய தேங்காயைச் சர்க்கரையும் பாலும் விட்டுக் கிளறி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கி, வெனிலா விட்டுத் தட்டில் கொட்டி, ஆறியதும் துண்டு போட்டாள். இட்லிப் பானையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதன் மேல் ஒரு பாத்திரத்தில் கறுப்புச் சாக்லேட்டை உருக்கி, ஒவ்வொரு துண்டையும் முள்கரண்டியால் முக்கி எடுத்தாள். வெளியே மொறுக்கென்று உடையும். உள்ளே ஈரத் தேங்காய். அந்த வருஷம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்ததில் மேலெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. பூஞ்சை என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று, "இது கெட்டுப்போனதில்ல, சாக்லேட் வேர்த்துட்டா இப்படி ஆகும்" என்று விளக்கம் சொன்னாள். அடுத்த வருஷத்திலிருந்து ஏர்கானைப் போட்டு, கூடத்திலேயே ஆறவிட்டாள். பளபளவென்று வந்தது.

எதிர் வீட்டில் பதுருன்னிசா இருந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஜாலான் புசாரில் ஒரு திரைச்சீலைக் கடையில் பல வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்து, மூட்டு வலி வந்ததும் விட்டவர். கணவர் இல்லை. மகன் ரியாசுக்கு விமான நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. பகலெல்லாம் கம்பிக் கதவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். லிஃப்டிலிருந்து யார் இறங்கினாலும், கையில் என்ன பை இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் நீல மூடி போட்ட ஒரு டப்பாவில் மிட்டாய் நிறைத்து அவருக்குக் கொடுப்பாள் அனுப்ரியா. "சுத்த சைவம் ஆன்ட்டி. முட்டை இல்ல, ஜெலட்டின் இல்ல. பயப்படாம சாப்பிடுங்க." அவரும், "அல்லா, இம்புட்டு எதுக்கு மா?" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். அங்கே போன டப்பா வெறுமையாகத் திரும்பாது. நோன்புப் பெருநாள் அன்று அதே நீல மூடி டப்பா, உள்ளே தேங்காய்ப்பால் இனிப்பான வட்டலப்பத்தோடு வந்து நிற்கும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன தீபாவளிக்கு மறுநாள் அவள் கீழ்த்தளத்தைக் கடந்து போகும்வரை. கல் மேசையில் மூன்றாம் மாடிச் சீன அங்கிள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். காய்களுக்குப் பக்கத்தில் நீல மூடி டப்பா. மூடியின் ஓரத்தில் வெங்கட் கத்தியால் நெம்பிய கீறல். அங்கிள் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றபடி அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அனுப்ரியா பதிலுக்குச் சிரித்துவைத்தாள். லிஃப்டுக்குள் நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நம்ம மிட்டாய அவங்க சாப்பிடறதே இல்லங்க" என்றாள் வெங்கட்டிடம்.

"சுகர் இருக்கும் அனு, அந்த வயசுல. விடு."

"பின்ன ஏன் அப்படிச் சிரிச்சு வாங்கணும்? வாங்கும்போது ஒரு முகம், கதவச் சாத்தினா ஒரு முகம்."

வெங்கட் விட்டுவிட்டான். அவள் விடவில்லை. அன்றிலிருந்து எதிர் வீட்டுக் கம்பிக் கதவு அவளுக்கு வேறு மாதிரி தெரிந்தது.

இந்த வருஷம் தீபாவளி நெருங்கியபோது இரண்டு மாடி கீழே இருக்கும் மோகனப்பிரியா ஒரு யோசனையோடு வந்தாள். அவள் வாக்கியத்துக்கு வாக்கியம் 'லா' போடும் இந்த ஊர்க் குடிமகள். பேச்சிலும் நடையிலும் பயம் என்பதே கிடையாது.

"அனு, என் ஆபீஸ்ல எல்லாருக்கும் தீபாவளி பாக்ஸ் குடுக்கணும். உன் கோக்கனட் சாக்லேட்தான். நீ செஞ்சு குடு, நான் பே பண்ணிடறேன். ஓகே லா?"

"சும்மா வேணா செஞ்சு தர்றேன். காசெல்லாம் வேண்டாம்."

"ஏய், அவ்வளவு பெட்டிய சும்மா செய்வியா? ரொம்ப யோசிக்காத. யாரு வந்து கேக்கப் போறா?"

யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்ற அந்தக் கேள்விதான் அவளைத் தூங்கவிடாத கேள்வி. ஆனாலும் மறுக்க முடியவில்லை. தன் கையால் செய்ததற்கு ஒருத்தி விலை சொல்கிறாளே என்ற குறுகுறுப்பு எங்கோ இருந்தது. வங்கியை விட்டு வந்த பிறகு அவள் செய்த எதற்கும் யாரும் விலை சொன்னதில்லை. தலையை அரைகுறையாக ஆட்டிவைத்தாள்.

வெங்கட்டிடம் சொன்னபோது அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்தான். "அனு, குடுத்தா அன்பளிப்பு. வித்தா வியாபாரம். உன் அட்டைல அதுக்கு இடமில்ல. பி.ஆர். பாத்துக்கிட்டிருக்கற நேரத்துல எவனாவது ஒரு கம்ப்ளெயின்ட் போட்டான்னா, நம்ம ரெண்டு பேரும் பொட்டியக் கட்ட வேண்டியதுதான்."

"மோகனா யார்கிட்டயும் சொல்ல மாட்டா."

"மோகனாவப் பத்தி நான் சொல்லல."

அவன் யாரைப் பற்றியும் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னான். அனுப்ரியாவின் கண் மட்டும் தானாக வாசல் பக்கம் போயிற்று.

மறுநாள் தேக்காவிலிருந்து தேங்காயும், ஜாலான் புசார் பக்கத்துப் கேக் சாமான் கடையிலிருந்து சாக்லேட் கட்டிகளுமாக லிஃப்டை விட்டு இறங்கினாள். எதிர் வீட்டு முக்காலி காத்திருந்தது.

"என்னா மா, தோள் எறங்குற அளவுக்குத் தூக்கிட்டு வர்ற? யாரு கல்யாணம்?"

"தீபாவளிக்குத்தான் ஆன்ட்டி."

"போன வருஷம் ஒரு பைதானே? இந்த வருஷம் மூணா?"

"சொந்தக்காரங்க வர்றாங்க."

"ஊர்லேந்தா? எப்ப?"

இருந்தால்தானே வருவதற்கு. "பாக்கணும்" என்று முனகிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே நழுவினாள். முதுகில் அந்தப் பார்வை ஒட்டிக்கொண்டே வந்த மாதிரி இருந்தது. பை எண்ணுகிறவளுக்குப் பெட்டி எண்ணத் தெரியாதா?

அதற்கு இரண்டொரு நாள் கழித்து அந்தக் காட்சியைப் பார்த்தாள். மதியம். வெளியே மழைக்கு முந்தைய இருட்டு. காகிதமும் குப்பியும் போடுகிற மறுசுழற்சிப் பையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்திருந்தாள். சரசரவென்று சத்தம் கேட்கவே, கதவில் இருந்த பார்வைத் துளையில் கண்ணை வைத்தாள்.

பதுருன்னிசா, மூட்டு வலிக்காரர், தரையில் குந்தி உட்கார்ந்திருந்தார். அவள் வீட்டுப் பையில் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்லேட் கட்டியின் உறையை வெளிச்சத்தில் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு பழுப்பு நிறக் குட்டிக் குப்பி ஒன்றை எடுத்தார். வெனிலாக் குப்பி. சுங்குடிச் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தார். மடியிலிருந்து கைபேசியை எடுத்துப் படம் பிடித்தார். ஒன்று போதாதென்று கிட்டக் கொண்டுபோய் இன்னொன்று. எல்லாவற்றையும் எப்படி இருந்ததோ அப்படியே பையில் வைத்து, சுவரைப் பிடித்து எழுந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அனுப்ரியா கதவில் சாய்ந்தபடியே நின்றாள்.

"ஆதாரம் சேக்கறாங்க" என்றாள் போனில். வெங்கட் ஆபீஸ் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து பேசினான்.

"குப்பைய வெச்சு என்ன ஆதாரம் அனு?"

"எவ்வளவு சாக்லேட் வாங்குறோம்னு தெரியுமில்ல? வீட்டுக்கு இவ்வளவு எதுக்குன்னு கேப்பாங்க இல்ல?"

"சரி, நிறுத்திடு."

"மோகனாவுக்கு வாக்கு குடுத்துட்டேனே. அவ ஆபீஸ்ல சொல்லிட்டா."

"அப்ப ஜன்னலயாவது சாத்திட்டுச் செய்" என்று எரிச்சலில் சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். அவள் அதை அறிவுரையாகவே எடுத்துக்கொண்டாள்.

சமையலறை ஜன்னலைச் சாத்தினாள். புகைபோக்கி விசிறி தாழ்வாரப் பக்கம் வாசனையை ஊதும் என்று அதையும் அணைத்தாள். வாசல் கதவின் அடி இடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்தாள். மிக்ஸியைப் போடவில்லை. உறைகளைக் கிழித்துத் துணிப்பையில் போட்டு, எம்.ஆர்.டி. ரயில் ஸ்டேஷன் குப்பைத் தொட்டியில் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். பதுருன்னிசா கம்பி வழியே, "என்னா மா, ஒடம்பு சரியில்லையா? ஜன்னலெல்லாம் பூட்டிக் கெடக்கு" என்று கேட்டபோது, "ஏசி போட்ருக்கேன் ஆன்ட்டி" என்றாள். ஜன்னலையும் கவனித்திருக்கிறார்!

மூடிய அறையில் இட்லிப் பானையின் ஆவி எங்கே போகும்? மேலே அலமாரியின் அடியில் முத்து முத்தாகக் கோத்து நின்றது. முதல் தட்டு முக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு சரியாகச் சாக்லேட்டுக்குள் விழுந்தது. உருகி மின்னிக்கொண்டிருந்த சாக்லேட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறுகி, களிமண் மாதிரி சொரசொரவென்று திரண்டுவிட்டது. கரண்டியை நட்டால் நின்றது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கடைக்குப் போனாள். வேறு கடை. ஒரே கடையில் திரும்பத் திரும்ப வாங்கினால் கடைக்காரர் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வாரே.

இத்தனைக்கும் பிறகு ஒரு வழியாக எல்லாத் துண்டுகளும் முக்கி முடிந்தன. சாப்பாட்டு மேசை, இஸ்திரிப் பலகை, கட்டிலின் மேல் விரித்த தாள் என்று வீடு முழுக்கத் தட்டுகள். ஏர்கான் குளிரில் வரிசை வரிசையாகக் கறுப்புத் துண்டுகள் பளபளத்தன. மூலையில் மோகனப்பிரியா கொடுத்துவிட்டுப் போன, மடித்துவைத்த காலிப் பெட்டிகள் ஒரு கோபுரம். பார்த்தால் யாருக்கும் வீடு என்று தோன்றாது.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

பார்வைத் துளையில் ஓர் இளைஞன். கழுத்தில் அட்டை தொங்குகிறது. கையில் டார்ச் விளக்கும் குறிப்பெழுதும் பலகையும். அவனுக்குப் பின்னால், கம்பிக் கதவைத் திறந்து பதுருன்னிசா நிற்கிறார். இவள் வீட்டைக் கைகாட்டி ஏதோ சொல்கிறார்.

அனுப்ரியாவுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. "ஒன் மினிட்!" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். பழைய புளோக் என்பதால் சமையலறைச் சுவரிலேயே குப்பைக் குழாய் இருந்தது. அதன் வாயைத் திறந்து போட்டால் மாடி மாடியாகச் சரிந்து கீழே போய் விழும். முதல் தட்டைக் கவிழ்த்தாள். தடதடவென்று ஒன்பது மாடிக்கும் கேட்கிற மாதிரி இறங்கிற்று. இரண்டாவது. இஸ்திரிப் பலகை. கட்டில் தாளை நான்கு மூலையும் சேர்த்துப் பிடித்து மூட்டையாகத் திணித்தாள். பெட்டிகள் குழாய்க்குள் நுழையவில்லை. துணி அலமாரிக்குள் தள்ளிச் சாத்தினாள். முழங்கை வரை சாக்லேட் அப்பியிருக்க, மூச்சு வாங்கக் கதவைத் திறந்தாள்.

கொசுச் சோதனைக்கு வந்த பையன். பூத்தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பக்கத்து புளோக்கில் டெங்கி. உள்ளே வந்து, பால்கனி மணிப்ளான்ட்டையும் குளியலறை வாளியையும் விளக்கடித்துப் பார்த்தான். போகும்போது மூக்கை உறிஞ்சி, வாசனை ரொம்ப நல்லா இருக்கே, கேக் செய்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவள் இல்லை என்றும் ஆமாம் என்றும் ஒரே நேரத்தில் தலையாட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

அனுப்ரியா சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். சுற்றிலும் காலித் தட்டுகள். கதவைச் சாத்தவில்லை என்பது, வாசலில் குரல் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"அனு மா, அந்தப் பையன் போயிட்டானா? கதவத் தட்டிட்டே நின்னான். உள்ளதான் இருக்கா, நல்லாத் தட்டுன்னு நாந்தான் சொன்னேன்." பதுருன்னிசா உள்ளே எட்டிப் பார்த்தார். கையில் ஒரு காகிதப் பை. "அல்லா! என்னா கோலம் இது? என்னாத்தக் கொட்டுன, எடி விழுந்த மாதிரி சத்தம் கேட்டுச்சு?"

"மிட்டாய். எல்லாத்தையும்."

"எதுக்கு?"

நாக்குக்கும் மூளைக்கும் நடுவே வழக்கமாக இருக்கும் வாசற்படி அன்று இல்லாமல் போய்விட்டது. "நீங்கதானே ஆள் அனுப்புனீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"என்னா ஆளு?"

"நான் விக்கிறேன்னு எழுதிப் போட்டீங்கதானே? என் குப்பையக் கிளறிப் படம் எடுத்தத நான் பாத்தேன் ஆன்ட்டி. இந்தக் கதவு வழியா என் கண்ணால பாத்தேன்."

பதுருன்னிசா மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மூட்டைத் தடவிக்கொண்டார். கைபேசியை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி ஒரு படத்தைக் கண்டுபிடித்து நீட்டினார். பழுப்புக் குப்பியின் படம். ரியாசுக்கு அனுப்பியது. கீழே அவன் பதில் போட்டிருந்தான்: உம்மா, இதுல ஆல்கஹால் போட்டிருக்கு, நீங்க சாப்பிடாதீங்க.

"சின்ன எழுத்து எனக்குத் தெரிய மாட்டேங்குது. அவன்தான் பெருசு பண்ணிப் படிப்பான்" என்றார்.

அனுப்ரியா படத்தையே பார்த்தாள். அந்தக் குப்பியை அவளும் கடையில் நின்று படித்துத்தான் வாங்கினாள். வெறும் எசென்ஸ் வேண்டாம், அசல் வெனிலாக் காயை ஊறவைத்து எடுத்ததே வேண்டும் என்று பொறுக்கி வாங்கினாள். முட்டை இருக்கிறதா, ஜெலட்டின் இருக்கிறதா என்று வரி வரியாகத் தேடியிருந்தாள். அந்தச் சொல்லையும் பார்த்தாள்தான். சைவக்காரியின் கண் அதன் மேல் நிற்காமல் வழுக்கிப் போய்விட்டது.

"நாலு வருஷமா குடுக்குற" என்றார் பதுருன்னிசா. "சுத்த சைவம், சுத்த சைவங்கிற. எனக்கு என்னாத்துக்கு மா சைவம்? நான் ஆட்டுக்கறி திங்கிறவ. நான் பாக்குறது வேற. மூஞ்சிக்கு நேரா இது ஹலாலான்னு கேட்டா நீ சங்கடப்படுவ. வேண்டாம்னா அதைவிடச் சங்கடம். அதான் வாங்கிக்கிட்டு, கீழ சீன அங்கிளுக்குக் குடுத்துருவேன். அவரு நல்லாத் தின்னுட்டு, உன் மிட்டாயப் பத்தி மேல வந்து கத சொல்லிட்டுப் போவாரு. எனக்கு எப்படி இருக்கும்? ஒவ்வொரு தீபாவளிக்கும் வாசன மட்டும்தான். இந்த வருஷம் ஒண்ணாவது தின்னுறணும்னு பாத்தேன்."

காகிதப் பையை மேசையில் வைத்தார். உள்ளே இரண்டு சாக்லேட் கட்டிகள், ஹலால் முத்திரை வெளியே தெரியும்படி.

"இதுல எனக்குக் கொஞ்சம் தனியா செஞ்சு தரியான்னு கேக்கத்தான் வந்தேன். நீ என்னான்னா..." குரல் மாறிற்று. "நான் போட்டுக் குடுப்பேன்னு நெனச்சியா? எதிர் வீட்ல ஒக்காந்துக்கிட்டு?"

அனுப்ரியா மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "பின்ன ஏன் பை எண்ணுனீங்க?" என்றாள்.

"எண்ணாம? எனக்கு வேற என்னா வேல? ஒருத்தி தனியா இம்புட்டு தூக்கிட்டு வர்றாளேன்னு கேட்டேன். சொந்தக்காரங்க வர்றாங்கன்ன. ஒருத்தரும் வரல. பொய் சொல்றாளே, புருஷனோட ஏதும் சண்டையோ, கதவெல்லாம் பூட்டிட்டு உள்ள என்னா பண்றாளோன்னு எனக்கும் ஆயிரம் யோசன." எழுந்தார். வாசல் வரை போய் நின்று திரும்பினார். "ஒண்ணு கேக்குறேன். நான் பெருநாளுக்குக் குடுத்த வட்டலப்பத்த நீ தின்னியா?"

வட்டலப்பத்தில் முட்டை உண்டு என்று முதல் வருஷமே விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தாள் அனுப்ரியா. மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, ஒவ்வொரு வருஷமும் மோகனப்பிரியா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். அவள் தலை குனிந்தது.

"அதான்" என்றார் பதுருன்னிசா. கம்பிக் கதவும், அதற்கு உள்ளே இருக்கும் மரக் கதவும் சாத்துகிற சத்தம் கேட்டது. பகலில் அந்த மரக் கதவு சாத்தி அவள் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் மோகனப்பிரியாவிடம் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "விக்கிறதுக்கு இல்ல மோகனா. இனிமேலும் கேக்காத. பதில் வரட்டும், அப்பறம் எது முறையோ அப்படிப் பாத்துக்கலாம்." மோகனப்பிரியா, "ஐயோ, நீ ரொம்ப டென்ஷன் பார்ட்டி லா" என்று முறைத்துவிட்டு, ஆபீசுக்கு லிட்டில் இந்தியாவில் லட்டு வாங்கப் போனாள். வெங்கட் ஒரு பெருமூச்சோடு சாப்பிட உட்கார்ந்தான். அந்தப் பயம் அதோடு இறங்கிவிட்டது. இன்னொன்று இறங்கவில்லை. முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த உருவம் எதிரே இல்லாத தாழ்வாரம், பார்வைத் துளையில் நீளமாகத் தெரிந்தது. யாரும் அவளைக் கவனிக்கவில்லை. அது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்துவிட்டுத் தேங்காய் கிளறினாள். வெனிலா விடவில்லை, ஏலக்காய் தட்டிப் போட்டாள். பதுருன்னிசா விட்டுப்போன கட்டிகளைத்தான் உருக்கினாள். அதற்கு முன்னால் தேக்கா வரை போய்ப் புதுப் பாத்திரமும் கரண்டியும் வாங்கி வந்திருந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை. சாக்லேட் கண்ணாடி மாதிரி வந்தது. வாசனை தாழ்வாரம் முழுக்கப் போயிற்று. எதிர்க் கதவு திறக்கவில்லை.

தீபாவளிக் காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சேலையோடு எதிர் வீட்டு மணியை அழுத்தினாள். கையில் நீல மூடி டப்பா. மூடியின் மேல் சாக்லேட் உறையை வெட்டி ஒட்டியிருந்தாள், முத்திரை தெரிகிற மாதிரி.

பதுருன்னிசா கதவைத் திறந்தார். கம்பிக் கதவைத் திறக்கவில்லை.

"ஆன்ட்டி, நீங்க வாங்கிட்டு வந்த சாக்லேட்தான். வெனிலா இல்ல. ஏலக்காய்தான்."

அவர் கம்பி வழியாக மூடியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். "எந்தச் சட்டியில உருக்குன?"

"புதுசு. உங்களுக்குன்னே வாங்கினேன். இனிமே வேற எதுக்கும் எடுக்க மாட்டேன்."

"கரண்டி?"

"அதுவும்."

கம்பிக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. பதுருன்னிசா டப்பாவை வாங்கி, நின்றபடியே மூடியைத் திறந்து, ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார். பாதி கடித்தார். மொறுக்கென்று உடைந்தது. மெதுவாக மென்றார். மீதிப் பாதியை ஒரு டிஷ்யூவில் வைத்து மடித்தார்.

"ரியாசுக்கு" என்றார்.

அனுப்ரியா அந்த டிஷ்யூவைப் பார்த்தாள். ரியாசுக்குத்தானா? கதவைச் சாத்தியதும் மூன்றாம் மாடிக்குப் போகுமா? வாயில் இருக்கும் பாதியே உள்ளே போயிற்றா, இல்லை கன்னத்தில் ஒதுக்கிவைத்திருக்கிறாரா? சிரித்துக்கொண்டுதான் நின்றாள். கண் மட்டும் அவர் தொண்டையை விட்டு அகலவில்லை.

பதுருன்னிசா டிஷ்யூவைப் பிரித்தார். மீதிப் பாதியையும் வாயில் போட்டார்.

"என்னா மா அப்படியே பாத்துக்கிட்டு நிக்கிற? முழுங்குனேனா இல்லையான்னு வாயத் தொறந்து காட்டவா?"

"காட்டுங்க" என்றாள் அனுப்ரியா.

அவர் காட்டினார்.

டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, காலால் முக்காலியை வாசலுக்குத் தள்ளி உட்கார்ந்தார். "பெருநாளுக்கு முட்ட இல்லாம என்னா செய்யலாம்னு இப்பவே சொல்லிரு. நானும் நீ திங்கிறத நின்னு பாக்கணும்ல."